முழங்கை தாங்குமா? ஒரு பேஸ்பால் அணியின் குளிர்காலக் கணக்கு

2023ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி 162 ஆட்டங்களில் 100 ஆட்டங்களை வென்றது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அது பெரிய சாதனை. அக்டோபரில் கோப்பைக்கான சுற்று வந்தபோது எதிரே நின்றது அரிசோனா டயமண்ட்பேக்ஸ். 84 வெற்றிகளோடு தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்த அணி. ஐந்து ஆட்டத் தொடர் மூன்றே ஆட்டங்களில் முடிந்தது. மூன்றிலும் டாட்ஜர்ஸ் தோற்றது.

தோற்ற விதம்தான் முக்கியம். முதல் ஆட்டத்தில் பந்துவீச்சைத் தொடங்கிய கிளேட்டன் கெர்ஷா, இந்தத் தலைமுறையின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர். அவர் ஒரே ஒருவரை அவுட் ஆக்கிவிட்டு, 6 ரன் கொடுத்து வெளியேறினார். இரண்டாம் ஆட்டத்தில் பாபி மில்லர் 5 அவுட் எடுத்து 3 ரன் கொடுத்தார். மூன்றாம் ஆட்டத்தில் லான்ஸ் லின் ஒரே இன்னிங்ஸில் நான்கு ஹோம் ரன் (மைதான எல்லையைத் தாண்டும் அடி) கொடுத்தார். ஆட்டத்தைத் தொடங்கிவைத்த இந்த மூன்று பிட்சர்களும் சேர்ந்து எடுத்தது 14 அவுட். கொடுத்தது 13 ரன்.

அந்தக் குளிர்காலத்தில் ரசிகர்கள் கேட்டது, 'எந்தப் பெரிய பிட்சரை வாங்கப்போகிறீர்கள்?' என்பதுதான். நிர்வாகத்தின் மேசையில் இருந்த கேள்வி அதைவிடக் கடினம்: அடுத்த அக்டோபரில் யாருடைய கை வேலை செய்யும்? இதற்கு விடை தேட உயிரியல், இயற்பியல், நிகழ்தகவு மூன்றும் தேவைப்படுகின்றன. ஒரு விளையாட்டு அணியின் ஆள் சேர்ப்புக்குப் பின்னால் இவ்வளவு அறிவியல் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. அந்த அறிவியல் யாருக்குப் பயன்படுகிறது, யாருக்குப் பயன்படவில்லை என்பது கவலையூட்டுவது.

1,458 இன்னிங்ஸ், 13 பேர்

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்றிரண்டு விதிகளைச் சொல்லிவிட வேண்டும். பேஸ்பாலில் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் எதிரணியின் மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும். பிட்சர்கள் ஓவருக்கு ஓவர் மாறிமாறி வீசுவதில்லை. ஆட்டத்தைத் தொடங்குபவர் களைக்கும்வரை அவரே வீசுவார். வெளியே அழைத்துவிட்டால் அன்றைக்கு மறுபடி வந்து வீச முடியாது. மிச்சத்தை, புல்பென் என்ற ஓரப்பகுதியில் கை சூடாக்கிக் காத்திருக்கும் மாற்று பிட்சர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம் என்றால் 1,458 இன்னிங்ஸ். ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. தொடக்க பிட்சர் ஒருநாள் தொண்ணூறு, நூறு பந்து வீசினால் அடுத்த நான்கைந்து நாள் ஓய்வு எடுக்க வேண்டும். ஆகவே முறைவைத்து வீச ஐந்து பேர் தேவை. ஒவ்வொருவரும் 32 ஆட்டம், ஆட்டத்துக்கு ஆறு இன்னிங்ஸ் என்று வைத்தால் ஐவரும் 960 இன்னிங்ஸைத் தாங்குவார்கள். மீதி ஐந்நூறை புல்பென் தாங்கும். காகிதத்தில் எல்லாம் சரியாக வரும்.

ஆனால் ஆண்டு முழுக்க அப்படி வீசுகிறவர்கள் அருகிவிட்டார்கள். 2014இல் 200 இன்னிங்ஸைத் தொட்ட பிட்சர்கள் மொத்த லீக்கிலும் 34 பேர். 2024இல் நான்கே பேர். விட்டுப்போன இன்னிங்ஸ்களை வேறு யாராவது வீசத்தான் வேண்டும். அதற்கும் கட்டுப்பாடு உண்டு. களமிறங்கத் தகுதியுள்ள பட்டியலில் 26 பேருக்குத்தான் இடம். அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. அந்த 26 பேரையும் சேர்த்து, ஒப்பந்த உரிமையோடு கையில் வைத்திருக்கும் 40 பேர் பட்டியல் ஒன்று. காயம்பட்ட பிட்சரைக் காயப் பட்டியலில் போட்டால் குறைந்தது 15 நாள் அவர் திரும்ப முடியாது. நீண்ட காயமென்றால் 60 நாள் பட்டியல்; அதில் போட்டால் 40 பேரில் ஓர் இடம் காலியாகும். யாரை எப்போது எந்தப் பட்டியலுக்கு மாற்றுவது என்பதே தனிக் கலை.

2023 நவம்பரில் டாட்ஜர்ஸின் நிலைமை என்ன? கெர்ஷாவுக்குத் தோளில் அறுவை சிகிச்சை. டோனி கான்சலினுக்கு முழங்கையில். டஸ்டின் மேவுக்கும் முழங்கையில். வாக்கர் பியூலர், 2022இல் செய்துகொண்ட இரண்டாவது முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டு முழுக்கக் களம் காணவில்லை. திறமைக்குப் பஞ்சமே இல்லாத ஓர் அணி, அடுத்த ஆண்டு பந்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றது.

கை பின்னால் சாயும் கணம்

இத்தனை முழங்கைகள் ஏன் உடைகின்றன? வீச்சின் ஒரு கணத்தை நிறுத்திப் பார்த்தால் புரியும்.

பிட்சர் மேட்டிலிருந்து நீண்ட எட்டு வைத்து முன்காலை ஊன்றுகிறார். இடுப்பு முதலில் திரும்புகிறது, பிறகு உடல். கை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. உடல் முன்னே இழுக்க, மடங்கிய முழங்கைக்கு மேலே முன்கை பின்புறமாகச் சாய்ந்து, உள்ளங்கை வானத்தைப் பார்க்க, ஏறக்குறைய தரைக்கு இணையாகப் படுத்துவிடுகிறது. அங்கிருந்து மேற்கை ஒரு நொடிக்கு 7,000 பாகைக்கும் அதிகமான வேகத்தில் முன்னோக்கிச் சுழல்கிறது. அதே வேகம் ஒரு நொடி நீடித்தால் கை பத்தொன்பது முழுச் சுற்று சுற்றிவிடும். மனித உடல் செய்யும் மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று என்று உடலியக்க ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

முன்கை பின்னால் படுத்து, முன்னே திரும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில் முழங்கையின் உள்பக்கம் பிளந்து திறக்கப் பார்க்கிறது. திறக்காமல் பிடித்துக்கொள்வது, மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைக்கும் ஒரு சிறு லிகமென்ட். எலும்பை எலும்போடு கட்டும் நார்க்கட்டு அது. நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கிளென் ஃபிளைசிக் குழுவினர் 1995இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, வீச்சின்போது முழங்கை சமாளிக்க வேண்டிய திருப்புவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் ஆறரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டு, மறுநுனியைத் திருகாமல் பிடிப்பதற்கு ஈடான விசை. இறந்தவர்களின் உடலில் இருந்து எடுத்துச் சோதித்தபோது, அந்த லிகமென்ட் தனியாக ஏறக்குறைய அதில் பாதியிலேயே அறுந்துவிட்டது.

அப்படியானால் ஒவ்வொரு பந்துக்கும் ஏன் அறுவதில்லை? முன்கைத் தசைகள் இறுகிச் சுமையில் பங்கெடுத்துக்கொள்கின்றன. எலும்பு மூட்டின் அமைப்பும் ஓரளவு தாங்குகிறது. தசை களைத்தால் அந்தப் பங்கு லிகமென்ட் மேல் ஏறுகிறது. பயிற்சியால் தசையைப் பெருக்கலாம். ரத்த ஓட்டம் குறைந்த லிகமென்ட் அந்த அளவுக்கு வலுப்பதில்லை, அறுந்தால் தானாக ஆறுவதும் அரிது. நுண்ணிய கிழிசல்கள் பல மாதங்களாகச் சேர்கின்றன. ஒருநாள், மற்றெல்லாப் பந்தையும் போன்ற ஒரு பந்தை வீசும்போது, பிட்சர் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார்.

கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இந்தக் காயம் ஏன் அபூர்வம் என்பதும் இங்கே தெளிவாகும். முழங்கையை 15 பாகைக்கு மேல் நிமிர்த்தி எறிவதை கிரிக்கெட் விதி தடுக்கிறது. அதனால் சுமை முதுகுக்கும் முன்காலுக்கும் போகிறது. 2023இல் இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ரா அறுவை சிகிச்சை செய்துகொண்டது முதுகில்தான்.

இந்த லிகமென்டைச் சீராக்கும் அறுவை சிகிச்சை பிறந்ததும் டாட்ஜர்ஸ் அணியில்தான். 1974 ஜூலையில் அந்த அணியின் இடக்கை பிட்சர் டாமி ஜானுக்கு அது அறுந்தது. அணி மருத்துவர் ஃபிராங்க் ஜோப், செப்டம்பர் 25 அன்று, டாமி ஜானின் வலது மணிக்கட்டுப் பகுதியிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் கட்டினார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டவைத்து, மணிக்கட்டைச் சற்று உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவில் புடைத்துத் தெரிவது அந்த நாண்தான். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. அதனால் அவர்களுக்குக் குறையும் இல்லை. எடுத்துவிட்டாலும் கை கைதான் என்பதால்தான் ஜோப் அதைத் தேர்ந்தார். திரும்பி வீச நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று அவர் மதிப்பிட்டிருந்தார். டாமி ஜான் 1976இல் திரும்பினார். அதற்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள். ஓய்வு பெற்றபோது வயது 46.

கட்டிய நாண் உடனே லிகமென்ட் ஆகிவிடாது. அதற்குள் புதிய ரத்த நாளங்கள் வளர வேண்டும். செல்கள் குடியேற வேண்டும். இழைகள் சுமை வரும் திசையில் தம்மை மாற்றி அடுக்கிக்கொள்ள வேண்டும். இந்த உயிரியலை அவசரப்படுத்த முடியாது. பிட்சர் ஒருவர் திரும்ப 12 முதல் 18 மாதம் ஆகிறது. செப்டம்பரில் அறுவை சிகிச்சை என்றால் அடுத்த பருவம் போயிற்று என்று அணி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அதே முழங்கையில் இரண்டாம் முறை என்றால் வெற்றி வாய்ப்பு முதல் முறையைவிடக் குறைவு.

வேகம் தரும் வெற்றி

உடைகிறது என்று தெரிந்தும் ஏன் மெதுவாக வீசுவதில்லை? வேகம் பலன் தருகிறது என்பதுதான் காரணம்.

பிட்சரின் மேட்டிலிருந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 18.44 மீட்டர். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகப் பந்து, கையை விட்டது முதல் பேட்டரை அடைய ஆகும் நேரம் சுமார் 0.4 நொடி. அதற்குள் பந்தைக் கண்டு, எங்கே வரும் என்று கணித்து, மட்டையைச் சுழற்ற வேண்டும். வேகம் ஏற ஏற, கணிப்புக்குக் கிடைக்கும் நேரம் தேய்கிறது.

அதோடு சுழற்சியும் சேர்கிறது. ஈர்ப்பு விசை மட்டும் இருந்தால் 0.4 நொடியில் பந்து 78 சென்டிமீட்டர் இறங்கும். நேர்வேகப் பந்து நிமிடத்துக்கு 2,300 முறை அளவில் பின்னோக்கிச் சுழன்றபடி வருகிறது. அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ள, பந்து மேலே தூக்கப்படுகிறது. இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். தூக்கல் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். எதிர்பார்த்த இடத்துக்கு மேலே பந்து கடப்பதால் மட்டை அதன் அடியில் வீசிப்போகிறது. வளைபந்தில் சுழற்சி முன்னோக்கி. பந்து வழக்கத்தைவிடக் கூடுதலாக இறங்கும். இரண்டையும் ஒரே கையசைவில் வீசத் தெரிந்தவர் பேட்டரைத் திணறடிப்பார்.

2008இல் நேர்வேகப் பந்தின் லீக் சராசரி மணிக்கு 91.3 மைல், அதாவது 147 கிலோமீட்டர். 2024இல் அது 94.2 மைல், 151 கிலோமீட்டருக்கும் மேல். மேஜர் லீக் நிர்வாகமே 200க்கும் மேற்பட்ட நிபுணர்களிடம் பேசி 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இந்த எண்களுக்குப் பக்கத்திலேயே இன்னும் சிலவற்றை வைத்தது. பிட்சர்கள் காயப் பட்டியலில் கழித்த நாட்கள் 2005இல் 13,666, 2024இல் 32,257. மேஜர் லீக்கிலும் அதற்குக் கீழுள்ள மைனர் லீக்குகளிலும் சேர்த்து நடந்த, முழங்கை லிகமென்டை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சைகள் 2010இல் 104, 2024இல் 281. காயம் பெருக முதன்மைக் காரணங்களாக அது சுட்டியவை: வேகத்தைத் துரத்துவது, பந்தின் வளைவையும் சுழற்சியையும் கூட்ட எடுக்கும் முயற்சி, ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு எறிவது.

பதிவேட்டில் தெரியாத திறமை

இனி, யாரைத் தேர்வது? பழைய முறையில் பிட்சரை அளந்தது ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற சராசரி. அதில் அதிர்ஷ்டம் நிறையக் கலந்திருக்கிறது. 2001இல் வோரோஸ் மெக்கிராக்கன் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து அவுட் ஆகுமா, ஆகாதா என்பதில் பிட்சரின் கட்டுப்பாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. அப்படி விழும் பத்தில் ஏறக்குறைய மூன்று தப்பிவிடும். யார் வீசினாலும் பெரிய வேறுபாடு இல்லை. பிட்சரின் கையில் உறுதியாக இருப்பவை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே அவுட் ஆக்குவது), இலவசமாகக் கொடுக்கும் நடை, ஹோம் ரன் ஆகிய மூன்றும். இந்த ஒரு கண்டுபிடிப்பு குளிர்காலச் சந்தையையே மாற்றியது. போன ஆண்டு துரதிர்ஷ்டத்தால் ரன் கொடுத்தவரை மலிவாக எடுக்கலாம். அதிர்ஷ்டத்தால் பிழைத்தவருக்கு அதிக விலை கொடுக்காமல் தப்பலாம்.

2015 முதல் எல்லா மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் ஒவ்வொரு பந்தின் வேகம், சுழற்சி, வளைவு, கைவிடும் புள்ளி அனைத்தையும் அளக்கின்றன. ஆகவே ஒருவர் என்ன செய்தார் என்பதோடு, எதைச் செய்யக்கூடியவர் என்பதையும் பார்க்க முடிகிறது. ஈவன் பிலிப்ஸ் இதற்கு நல்ல உதாரணம். பால்டிமோர் அணியில் அவருடைய சராசரி 7க்கும் மேல். 2021 ஆகஸ்டில் டாம்பா பே அணி கைவிட்டபோது டாட்ஜர்ஸ் அவரைச் சும்மா எடுத்துக்கொண்டது. பக்கவாட்டில் அகலமாக வளையும் அவருடைய பந்துக்கும் லேசாக வெட்டித் திரும்பும் பந்துக்கும் முன்னிடம் கொடுத்தார்கள். 2022இல் 63 இன்னிங்ஸில் அவருடைய சராசரி 1.14.

அளவிட முடிந்ததெல்லாம் திறமையை. உடைவதை முன்கூட்டிச் சொல்லும் கருவி இன்னும் இல்லை. அதே பிலிப்ஸின் முழங்கையும் 2025இல் அறுவை சிகிச்சைக்குப் போனது.

மூன்று விதமான ஆபத்து

2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் எடுத்த முடிவுகளை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அவற்றின் நேர்த்தி தெரியும்.

முதலாவது ஷோஹே ஒதானி. பேட்டிங், பிட்சிங் இரண்டிலும் உச்சம் தொட்ட ஜப்பானியர். ஆனால் ஆகஸ்டில் அவருடைய முழங்கை லிகமென்ட் கிழிந்து, செப்டம்பரில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. 2018லும் ஒருமுறை அதே கையில் நடந்திருந்தது. 2024இல் அவர் ஒரு பந்துகூட வீசமாட்டார் என்று தெரிந்தே, பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் 68 கோடியை ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்ள ஒதானி ஒப்புக்கொண்டதால் மற்ற ஆட்களைச் சேர்க்கக் கையில் பணம் இருந்தது. கை தேறும்வரை பேட்டராக ஆடுவார். தேறியபின் இன்னொரு லாபம் உண்டு. இரு பணிகளையும் செய்பவராக விதி அங்கீகரிக்கும் ஆட்டக்காரர் 13 பிட்சர் என்ற வரம்பில் கணக்கிடப்படமாட்டார். அவர் வீசத் தொடங்கினால் அணிக்குப் பதினான்காவது கை கிடைத்த மாதிரி.

இரண்டாவது டைலர் கிளாஸ்னோ. 203 சென்டிமீட்டர் உயரம். அவர் கையை விடும்போதே பந்து பேட்டருக்குப் பாதி தூரம் வந்துவிட்டதுபோலத் தோன்றும். அவருடைய தரத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. அளவில்தான் சந்தேகம்: அதுவரை ஒரே பருவத்தில் அவர் வீசிய அதிகபட்சம் 120 இன்னிங்ஸ். அவருடைய 2.5 கோடி டாலர் ஆண்டுச் சம்பளம், சிக்கனமாக நடக்கும் டாம்பா பே அணிக்குப் பாரம். இளம் பிட்சர் ரயன் பெப்பியாட்டையும் இன்னொருவரையும் கொடுத்துவிட்டு டாட்ஜர்ஸ் அவரை வாங்கியது.

மூன்றாவது யோஷினோபு யமமோட்டோ. வயது 25, உயரம் 178 சென்டிமீட்டர். ஜப்பானின் மிகச் சிறந்த பிட்சருக்கான சவாமுரா விருதை 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று முறை பெற்றவர். பளு தூக்குவதைத் தவிர்த்து, ஈட்டி எறிந்து பழகுகிறவர். முழு உடலின் விசையைக் கைக்குக் கடத்தப் பழகும் பயிற்சி அது. அமெரிக்காவில் ஒரு பந்தும் வீசாதவருக்கு 12 ஆண்டுக்கு 32.5 கோடி டாலர். ஜப்பானில் வாரம் ஒருமுறை வீசியவர், இங்கே அதைவிட நெருக்கமாக வீச வேண்டியிருக்கும் என்பதுதான் இதில் இருந்த ஆபத்து.

மூவரிடமும் ஆபத்து உண்டு. ஆனால் ஒரே வகை ஆபத்து இல்லை. ஒன்று கை ஆறுவதைப் பொறுத்தது, ஒன்று உடல் நீடிப்பதைப் பொறுத்தது, ஒன்று புதிய பழக்கத்துக்கு மாறுவதைப் பொறுத்தது. ஒன்று தவறியதற்காக மற்றொன்றும் தவற வேண்டியதில்லை. நிகழ்தகவில் இதற்கு மதிப்பு அதிகம்.

ஒரு சின்னக் கணக்கு. அக்டோபரில் நல்ல தொடக்க பிட்சர் மூவர் வேண்டும். ஒவ்வொருவரும் அப்போது நலமாக இருக்க வாய்ப்பு சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரை வைத்திருந்தால், குறைந்தது மூவர் மிஞ்ச வாய்ப்பு 50 விழுக்காடு. ஒன்பது பேரை வைத்திருந்தால் 90 விழுக்காட்டையும் தாண்டுகிறது. எவருடைய முழங்கையும் கூடுதல் உறுதி பெறவில்லை. அணி மட்டும் உறுதியாகிவிட்டது. இதைத்தான் பேஸ்பால் நிர்வாகிகள் ஆழம் என்று சொல்கிறார்கள்.

நடந்தது என்ன

2024இல் கிட்டத்தட்ட எல்லாக் கையும் உடைந்தது. யமமோட்டோ ஜூனில் தோள்பட்டைத் தசை இழுத்துப் பிடித்து, செப்டம்பரில்தான் திரும்பினார். கிளாஸ்னோ 134 இன்னிங்ஸோடு முழங்கை வலியில் நின்றார். இளம் பிட்சர்களான எமட் ஷீஹான், ரிவர் ரயன் இருவருக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. கேவின் ஸ்டோனுக்குத் தோள். பருவத்தின் நடுவில் டெட்ராய்ட்டிலிருந்து ஜாக் ஃபிளாஹர்ட்டியைக் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் மிஞ்சிய தொடக்க பிட்சர்கள் ஃபிளாஹர்ட்டி, யமமோட்டோ, பியூலர் ஆகிய மூவரே.

சான் டியேகோவுக்கு எதிரான தொடரின் நான்காம் ஆட்டத்தில் தொடங்க ஆளில்லை. தோற்றால் பருவம் முடிந்தது என்ற நிலையில் புல்பென்னிலிருந்து எட்டுப் பேர் வரிசையாக வந்து வீச, டாட்ஜர்ஸ் 8-0 என்று வென்றது. பேட்டர் ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது அவருடைய பந்துக்குப் பழகி நன்றாக அடிக்கிறார் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. எட்டுப் பேர் மாறிமாறி வந்தால் பழக இடமே இல்லை. அந்த மாதக் கடைசியில் நியூயார்க் யாங்கீஸை வென்று கோப்பையையும் எடுத்தார்கள். கடைசி மூன்று அவுட்டை எடுத்தவர் பியூலர்.

அடுத்த குளிர்காலத்திலும் அதே வழிதான். பிளேக் ஸ்னெல் வந்தார், ரோகி சசாகி வந்தார். 2025 கோடையில் ஸ்னெல், கிளாஸ்னோ, சசாகி மூவரும் தோள் காயத்தில் நாட்களைக் கழித்தார்கள். ஒதானி ஜூனில் கொஞ்சம் கொஞ்சமாக வீசத் தொடங்கினார். அக்டோபரில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மில்வாக்கிக்கு எதிரான தொடரில் ஸ்னெல், யமமோட்டோ, கிளாஸ்னோ, ஒதானி நால்வரும் சேர்ந்து 28⅔ இன்னிங்ஸ் வீசி 2 ரன்தான் கொடுத்தார்கள். 2023இல் 14 அவுட்டில், அதாவது 4⅔ இன்னிங்ஸில், 13 ரன் கொடுத்த அணி இரண்டே ஆண்டில் அடைந்த இடம் இது. டொரன்டோவுக்கு எதிரான இறுதித் தொடரில் யமமோட்டோ ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசினார். மறுநாள் ஏழாவது ஆட்டத்திலும் வந்து 34 பந்து வீசிக் கோப்பையை முடித்துக்கொடுத்தார்.

ஒன்பது பேரின் கணக்கு வென்றது. ஆனால் அந்தக் கணக்குக்குப் பணம் வேண்டும். டாம்பா பே போன்ற அணிகளால் முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், கணக்கின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. பாதிப்பேர் உடைவார்கள் என்று திட்டமிட்ட அணிக்கு, உடையாமல் காக்க வேண்டிய அவசரம் குறைகிறது. பத்துப் பந்தை முழுப் பலத்தில் எறிந்துவிட்டு வெளியேற அடுத்தவர் தயார் என்றால், பலத்தைச் சேமித்து வீச யாருக்கும் காரணம் இல்லை.

காயம் எங்கே தொடங்குகிறது

முன்பெல்லாம் குளிர்காலம் பிட்சர்களின் கை ஆறும் காலம். இப்போது சீட்டல் அருகே உள்ள டிரைவ்லைன் போன்ற பயிற்சிக் கூடங்களில், எடை கூடிய பந்தை எறிந்து வேகத்தை ஏற்றும் காலம். வசந்தகாலப் பயிற்சியின் தொடக்கத்திலேயே காயங்கள் குவிவதை லீக்கின் அறிக்கை கவலையோடு குறிப்பிடுகிறது. ஓய்வுக்கென்று இருந்த மாதங்களையும் வேகம் எடுத்துக்கொண்டது.

அது சிறுவர்களிடமும் இறங்கிவிட்டது. ஃபிளைசிக் குழு 481 இளம் பிட்சர்களைப் பத்து ஆண்டு பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இது: ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய சிறுவர்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. 2014இல் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வயதுவாரியாக வரம்பு வகுத்தன: ஏழெட்டு வயதுக்கு நாளைக்கு 50 பந்து, 11, 12 வயதுக்கு 85. நல்ல வழிகாட்டுதல்தான். ஆனால் அது பரிந்துரையாகவே நிற்கிறது. அதைக் கடைப்பிடிக்கும் பையனுக்கு எந்தப் பரிசும் கிடைப்பதில்லை. மணிக்கு 95 மைல் வீசும் பதினேழு வயதுப் பையனைத்தான் தேர்வாளர்கள் தேடி வருகிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை, மருத்துவம் இங்கே தன் பங்கைச் செய்துவிட்டது. அறுந்த லிகமென்டை மாற்றத் தெரிந்துகொண்டோம். வேகத்தின் விலையை எண்ணாகவும் அறிந்துகொண்டோம். இனி மாற வேண்டியது ஆட்டத்தின் விதி. பட்டியலில் 13 பிட்சர் என்ற வரம்பைக் குறைத்தால், நீண்ட நேரம் வீசத் தெரிந்தவருக்குத் தேவை கூடும். தொடக்க பிட்சரை எடுத்தால், பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்கும் பேட்டரையும் அணி இழக்கும் என்ற விதியை அட்லாண்டிக் லீக் என்ற வேறொரு லீக் 2021இல் சோதித்துப் பார்த்தது. அதுவும் அதே திசையில்தான் தள்ளுகிறது. இப்படி ஏதாவது ஒரு விதி வந்தால் பிட்சர்கள் முழுப் பலத்தில் எண்பது விழுக்காட்டோடு வீசிப் பழக வேண்டியிருக்கும். ஆட்டம் சற்று மெதுவாகும். ஸ்ட்ரைக் அவுட் குறையும். மைதானத்துக்குள் பந்து அதிகம் ஓடும். பார்ப்பவருக்கு அதில் இழப்பே இல்லை.

அணிகள் எதற்குப் பணம் கொடுக்கின்றனவோ, அதற்குத்தான் சிறுவர்கள் தங்கள் கையைப் பழக்குவார்கள். குளிர்காலத்தில் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில் வேகத்துக்கு இணையாக நிலைத்து வீசுவதற்கும் விலை கிடைக்கத் தொடங்கினால், பதினைந்து வயது முழங்கைகள் அறுவை சிகிச்சை மேசைக்குப் போவது தானாகக் குறையும்.